அம்மணி கூப்பிட்டால் தேறும் பெட்டி

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தோணிசாமி ஏரிக்கரைப் பக்கம் நடக்கிறார் என்றால், யாரோ புது ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்றபடி கொளுத்துகிற வெயிலிலும் கொட்டுகிற மழையிலும் அந்தக் குடை விரிந்து யாரும் பார்த்ததில்லை. கரையின் கடைக்கோடியில் ஒற்றைப் பனைமரம் ஒன்று உண்டு. அதன் அடியில் போய் நிற்பார். வீட்டுவாசலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயின் சத்தம் அங்கே அவருக்குப் பிடித்துவிட்டால் குடை விரியும். விரியாவிட்டால், கொண்டுவந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போகவேண்டியதுதான்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், கிளியனூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது அவர் ஊர். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, தேர்தல் கூட்டம் எதுவானாலும் அவருடைய மைக் செட்தான். விழுப்புரத்து ரேடியோக் கடைக்காரர்கள்கூடப் புதுப் பெட்டி வந்தால் இவரிடம் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார்கள். "அந்தோணி கொடை விரிச்சா பெட்டி, விரிக்காட்டி தகரம்" என்பது அவர்களுக்குள் பேச்சு.

பாட்டுத்தட்டு போட்டுக் காட்டினால் மனுஷருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பாட்டுன்னா எந்தத் தகரமும் பாடும்பா. மனுசன் பேசறத காட்டு" என்பார். மைக் முன்னால் மனைவி அம்மணியைத்தான் உட்காரவைப்பார். அம்மணி சொல்வதும் எப்போதும் ஒன்றேதான்: "ஏங்க, சோறு ஆறுது. வாங்க." பனைமரத்தடியில் நிற்கிறவருக்கு, தன் வீட்டுச் சோறுதான் ஆறுகிறது என்று வயிற்றில் உறைக்கவேண்டும். யாரோ ஒருத்தி யாரையோ அதட்டுகிறாள் என்று பட்டால் பெட்டி தோற்றது.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. ஏரிக்குக் கீழே, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கிற பெண்களுக்கும் அது கேட்கும். அம்மணியே கூப்பிட்டுவிட்டாள், சாப்பாட்டு வேளை வந்துவிட்டது என்று களைக்கொட்டைப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுவார்கள். பொழுது அப்போதுதான் பனை உயரம் ஏறியிருக்கும். கொல்லைக்காரர் அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவார். "யோவ், உன் பொஞ்சாதிய வேற எதனா சொல்லச் சொல்லுய்யா! எனுக்குப் பெரிய பேஜாரா இருக்குது!" அந்தோணிசாமி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ஒரு பெட்டிக்கு அதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

அவர் தோளில் கிடக்கிற வெள்ளைத் துண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதா கோயிலுக்குள் நுழையும்போது அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். வேறெங்கும், எப்பேர்ப்பட்டவர் எதிரிலும், அது இறங்கியதில்லை. ஒரு கல்யாணவீட்டில் பெரிய குடும்பத்துக்காரர் ஒருவர், "என்னா அந்தோணி, துண்டு தோள்லயே குந்திக்கினு இருக்குது?" என்று கேட்டாராம். "அது கோயில்ல மட்டுந்தாங்க இறங்கும்" என்று சொல்லிவிட்டு இவர் நிதானமாக ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். தாலி கட்டுகிற நேரம். பெரியவர் சட்டென்று பந்தல் தோரணத்தைப் பார்க்கப் போய்விட்டார். துண்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, பாட்டும் நிற்கவில்லை.

போன ஐப்பசியில் அம்மணிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்தார்கள். பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தவள் பிழைத்து எழுந்தாள். குரல் மட்டும் எழவில்லை. காதோடு காதாக ரகசியம் சொல்கிற அளவுக்குத்தான் மிஞ்சியது. "உசுரோட வந்தியே, அது போதும்மே. மாதாவுக்குக் கோடி தோத்திரம்" என்று அந்தோணிசாமி வாய்க்கு வாய் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் அம்மணிக்கு அது போதவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று கோயிலில் மாதாவின் புலம்பலைச் சொல்வது, அவள் இந்த ஊருக்கு வாழவந்த நாளிலிருந்து அவள் பொறுப்பு. அவள் சொல்லச் சொல்ல, தெருவரை நிற்கிற சனம் தேம்பித் தேம்பி அழும். இந்தத் தவக்காலம் தொடங்கியதும், "வேற யாரையாவது சொல்லச் சொல்லிடுங்க. என் கொரலு எனுக்கே கேக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. அந்தோணிசாமி அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்.

அவரிடம் இருந்தது பழைய வால்வுப் பெட்டி. அம்மணிக்காகச் சத்தத்தைக் கூட்டினால் 'கும்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் கூடவே ஏறி, அவள் குரலை மூழ்கடித்துவிடும். விற்க வருகிறவர்களின் பெட்டிகளும் அப்படித்தான் இருந்தன. சோதனையை அவர் மாற்றவில்லை. மிஞ்சிய குரலோடு அம்மணியே மைக் முன்னால் உட்கார்ந்தாள். குடை விரியவே இல்லை. "அந்தோணிக்குக் காது போயிடிச்சு" என்று கடைக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

தவக்காலம் பாதி போயிருந்த ஒரு காலையில் விழுப்புரம் சீனுவாசன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். புதுச்சேரியைக் காலிசெய்துகொண்டு பிரான்சுக்குப் போன குடும்பம் ஒன்று விற்றுவிட்டுப் போன ஸ்டீரியோப் பெட்டி பின்சீட்டில் இருந்தது.

"கலப்புப் பெட்டிண்ணே. முன்னால டிரான்சிஸ்டரு, பின்னால வால்வு. ரெண்டு காதுக்கும் தனித்தனியா பாடும்."

"எங்க ஊரு சனத்துக்கு ரெண்டு காதுலயும் ஒரே சேதி போனா போதும்பா" என்றார் அந்தோணிசாமி. என்றாலும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அக்கா தொண்டைக்கு ஒத்துவருமான்னு பாக்கத்தாண்ணே மொதல்ல இங்க தூக்கிக்கினு வந்தேன்" என்றார் சீனுவாசன், குரலைத் தணித்து.

அந்தோணிசாமி அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். "நீ நல்லா இருப்பே" என்றார்.

மேல்மூடியைக் கழற்றினார். மைக்கிலிருந்து வருகிற சின்ன ஒலியை வாங்கிக்கொள்வது டிரான்சிஸ்டர். அதைப் பெருக்கித் தள்ளுவது வால்வு. மைக்கை மாட்டாமலே சத்தத்தை முழுக்கத் திருப்பி, குழாயின் வாயில் காதை வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. "கரண்ட் இருக்குதா?" என்றார். "இருக்குதுண்ணே, வால்வு எரியுது பாருங்க." மறுபடியும் காதை வைத்துப் பார்த்தார். அந்தக் 'கும்ம்ம்' இரைச்சல் துளியும் இல்லை. மைக்கை மாட்டி, அம்மணியை உட்காரவைத்து, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கரை அன்றைக்கு ரொம்ப நீளமாக இருந்தது. "மாதாவே, அவள எனுக்குக் குடுத்துட்டே. இன்னும் கேக்கறனேன்னு கோச்சுக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பனைமரத்தடிக்கு வந்து திரும்பி நின்றார்.

"ஏங்க, சோறு ஆறுது. வாங்க."

பழைய குரல் இல்லை. மூச்சு இழைகிற, தழுதழுத்த, இப்போதைய அம்மணியின் குரல்தான். ஆனால் ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மட்டும் சொன்னதைப்போல வந்தது. அதுவே ஏரி முழுக்கவும் கேட்டது. கீழே கொல்லையில் குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். "அடியே, அம்மணியக்கா கூப்புடுதுடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

குடை விரியவில்லை. ஊரே கேட்கும்படி சீனுவாசன் குழாயில் பதறினார்: "அண்ணே, கொடை விரியலையே! நல்லா இல்லையாண்ணே?"

அடுத்தாற்போல் அம்மணி: "சும்மா இருங்க தம்பி. அவரு கேட்டுக்கினு இருக்காரு." பிறகு, "ஏங்க, இந்தப் பெரிய வெள்ளிக்கும் நானே சொல்றேன்."

குடை எப்போதோ கைநழுவிக் காலடியில் கிடந்தது. அந்தோணிசாமி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். குழாய் இருந்த திசையைப் பார்த்தபடி, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.