காறை எலும்பின் நடுப்புள்ளி

எங்கள் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் டாக்டர் பிரமிளாவின் படத்தைப் பார்த்ததும், பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேனாம்பேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கையில் பை. 'வாழ்த்துகள் மேடம்' என்று அடித்துக்கூட விட்டேன். அனுப்புவதற்குள், கீழே யாரோ போட்டிருந்த கைகூப்பிய படம் கண்ணில் பட்டது. நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டாராம். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. ஐயோ, என் பையனுக்கு இனிமேல் யார் என்று மனசு அடித்துக்கொண்டது. சுயநலம்தான். அவரிடம் வைத்தியத்துக்கு நெஞ்சைக் காட்டிவிட்டு இதைப் படிக்கிற நீங்கள் யாரும் என்னைத் திட்ட மாட்டீர்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அம்பத்தூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர், நான் நர்ஸ். சளி என்று வந்தாலும் சட்டையைக் கழற்றச் சொல்வார். தொண்டைக்குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேல் கீழே இறக்குவார். ஒரு மேடு தட்டுப்படும். அதற்கு நேர் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்துதான் எண்ணுவார். "முதல் விலா காறை எலும்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். மேல இருந்து எண்ணினா ஏமாந்துடுவீங்க" என்று புதிதாக வரும் டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவே மாட்டார். கழுத்துக்குக் கீழே குறுக்காக இருக்கும் அந்தக் காறை எலும்புக்கு மேலேயும் ஸ்டெத்தை வைப்பார். நுரையீரலின் நுனி கழுத்துப்பக்கம் அவ்வளவு தூரம் ஏறியிருக்கும். ஒருநாள் ஆட்டோக்காரர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா டாக்டரம்மா, நேத்துதானே எண்ணுனே? ஒரு எலும்பும் எங்கயும் போவாது. எல்லாம் உள்ளதான் கீது."

மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி எண்ணினார்.

அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து, "ஜன்னல் ஓரக் கட்டில்காரருக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்பார். நல்லாருக்கார் மேடம் என்றால், "போய்ப் பார்த்துட்டுச் சொல்றீங்களா, உக்காந்த இடத்துலயே சொல்றீங்களா?" என்பார். எனக்குச் சுர்ரென்று ஏறும். நானும் லேசுப்பட்டவள் இல்லையே! "இப்படிப் பயந்தா எப்படி மேடம் தொழில் பண்றது?" என்று கேட்டேவிட்டேன்.

"பயந்துகிட்டேதான் பண்ணணும். வேற எப்படிப் பண்றது?" என்றார்.

என் மகன் தினா ஒல்லி, நல்ல உயரம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சில சமயம் ஒரு காரணமும் இல்லாமல் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியும் என்று படித்திருந்தேன். படித்தது வீடு தேடி வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மத்தியானம் சேக்காட்டிலிருந்து அவனுடைய சிநேகிதன் பைக்கில் உட்காரவைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

"ஆன்ட்டி, நெஞ்ச புடிச்சுகினு உக்காந்துட்டான். மூச்சே ஏற மாட்டேங்குது, சீக்கிரம் பாருங்க!"

தினாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மேடம் ஸ்டெத்தை வைத்தார். இடப்பக்கம் மூச்சு கேட்டது. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. தட்டிப் பார்த்தார், வலது மார்பு காலிக் குடம்போல ஒலித்தது. தொண்டையில் மூச்சுக்குழாய் இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. கசிந்த காற்று உள்ளே அடைத்துக்கொண்டு நுரையீரலையும் இதயத்தையும் நெருக்குகிறது என்று எனக்கே புரிந்துவிட்டது. எக்ஸ்ரேவுக்கு நேரமில்லை. ஊசியால் குத்திக் காற்றை வெளியே விட்டாக வேண்டும்.

இரண்டாவது விலாவுக்குக் கீழே இருக்கும் இடைவெளி, காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. அதுதான் இடம். மேடம் எண்ணி விரலை வைத்தார். ஊசியை நீட்டினேன். வாங்கவில்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடி தொண்டைக்குழியிலிருந்து ஆரம்பித்தார்.

"எண்ணினது போதும், குத்துங்க மேடம்! என் புள்ள போயிடுவான்!" என்று கத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. காறை எலும்பைத் தடவிக்கொண்டே தோள்முனை வரைக்கும் போனார். திரும்பி வந்து, முன்பு வைத்த இடத்திலிருந்து இரண்டு விரல் அகலம் வெளிப்பக்கம் தள்ளி வைத்தார். மூன்றாவது விலாவின் மேல்விளிம்பை ஒட்டிக் குத்தினார். உஸ்ஸென்று காற்று வந்தது. தினா மூச்சை இழுத்தான். கடவுளே, அந்த ஒரு மூச்சு!

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நெஞ்சில் குழாய் போட்டு அவனை வார்டுக்கு மாற்றும்வரை மேடமும் கூடவே இருந்தார். வராந்தாவில் வந்து உட்கார்ந்தபோது அவருடைய ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

"முதல்ல தப்பா வச்சுட்டேன்" என்றார். "காறை எலும்பு தோள் வரைக்கும் ஓடுது. பதட்டத்துல அவ்வளவு தூரம் போகாம நடுவ எடுத்துட்டேன். நெஞ்செலும்புக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. அங்க குத்தியிருந்தா ரத்தக்குழாய்ல பட்டிருக்கலாம்."

நான் போட்ட சத்தத்துக்கு அவர் குத்தியிருந்தால்?

"நான் அப்படிக் கத்தினப்ப உங்களுக்குப் பயமா இல்லையா மேடம்?"

"பயமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் திரும்ப எண்ணினேன்."

மறுபடியும் வரலாம், ஜாக்கிரதை என்றுதான் தினாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேடம் இருக்கிறார் என்ற தெம்பில் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். அவர் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த தினா, "ம்மா, இங்க லேசா புடிச்சா மாரி கீது" என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. தட்டை நகர்த்திவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். காறை எலும்புக்கு மேலே, முன்னால், அக்குளுக்குக் கீழே, முதுகில் என்று இரண்டு பக்கமும் ஸ்டெத்தை வைத்துக் கேட்டேன். மூச்சு வந்தது. வலப்பக்கமும் வந்தது.

"அதான் கேட்டுட்ட இல்ல, உடும்மா. வாயுவா இருக்கும்" என்று தட்டை இழுத்தான்.

டாக்டர் பிரமிளாவிடம் தைரியத்தைக் கற்றுக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுத வரவில்லை. அவருடைய பயம்தான் என்னிடம் இருக்கிறது. அதை விடுவதாகவும் இல்லை.

"ஒரு தபா கேட்டா பத்தாதுடா. பேசாம திரும்பி உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான்.