கொள்ளுத்தாத்தாவின் பிரெஞ்சு ஊர்

எங்கள் வீட்டில் யாரும் பிரான்ஸைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரைப் பற்றி ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த அளவு, பர்மாவில் நாங்கள் குடியிருந்த போட்டாதாங் பேட்டையைப் பற்றித் தெரியாது. பாலம் வருவதற்கு முன் அந்தப் பிரெஞ்சு ஊரில் ஓடத்தில்தான் ஆற்றைக் கடந்தார்கள். மாவு ஆலைக்காரர்களும் கோயில்காரர்களும் ஒரு வாய்க்காலுக்காக மூன்று தலைமுறை வழக்காடினார்கள். போரில் செத்த சிப்பாய்களின் பெயர்களைக் கோயில் வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, காரைக்காலிலிருந்து பட்டாளத்துக்குப் போன எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

இதெல்லாம் அந்த ஊர் நகராட்சி அப்பாவுக்கு அனுப்பிய மெல்லிய புத்தகத்தில் இருந்தது. பங்குச் சாமியார் படித்துச் சொல்லச் சொல்ல அப்பா தமிழில் எழுதி வந்து, சாயங்காலச் செபம் முடிந்ததும் ஞானோபதேசம் போல எங்களைக் கேள்வி கேட்பார். "ஓடக்காரன் எந்தக் கரையில குடியிருந்தான்?" அண்ணன் தப்பாகச் சொன்னால் எனக்குக் கொண்டாட்டம்.

புத்தகத்தோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. கொள்ளுத்தாத்தாவின் வாரிசு என்பதற்கான தாள்களை அனுப்பினால், பிரெஞ்சுக் குடியுரிமைக்கு என்ன செய்ய வேண்டுமென்று சொல்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். படகுத்துறைக் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது போதும். எங்கள் இருவரையும் எப்படியாவது வெளியே அனுப்பிவிடலாம் என்று நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து தாள்களைப் பரப்பினார். எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர் 'ஊ செயின்'. செத்துப்போன தாத்தாவுக்கும் ஒரு பர்மியப் பெயர். தமிழ்ப் பெயர் இருந்தால் வேலை கிடைக்காது, பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க அலைய விடுவார்கள் என்று அப்பாவே அலுவலகத்தில் காத்துக் கிடந்து மாற்றியவை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படிச் செய்தவர்கள்தான். நானும் இன்று என் மகளுக்கு அதையே செய்திருக்கிறேன். இரண்டு பெயர் இருந்தால் வம்பு என்று பழைய தாள்களை அவர் தன் கையாலேயே அடுப்பில் போட்டிருந்தார்.

"ஞானஸ்நான ஏடு கோயில்ல இருக்குமே," என்றாள் அம்மா.

"இருக்கும். அதுல உள்ள ஆளும் நானும் ஒண்ணுதான்னு எவன் கையெழுத்துப் போடுவான்?"

அப்பாவின் முகத்தை அதற்குமுன் நான் அப்படிப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. அதன்பிறகு அவர் எங்களைக் கேள்வி கேட்கவேயில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். அப்பா எழுதி என்னிடம் நீட்டினார். முதலில் கொள்ளுத்தாத்தா, அடுத்து தாத்தாவின் தமிழ்ப் பெயர், மூன்றாவதாக சவரிமுத்து. அது அப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்.

"அப்பா, இதுல ஒங்க பேரையும் தப்பா எழுதிட்டீங்க."

"தப்பில்ல. கொண்டு போய்க் குடு."

சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சாமியார் வாசித்ததும், அண்ணனும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்பா முழந்தாளிட்டபடி மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னார். கோயிலில் சிரித்தால் தொடையில் கிள்ளும் அம்மா, அன்றைக்குக் கிள்ளவில்லை. தப்பித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.