அப்பா பெயரில் வந்த பணம்

எங்கள் சலவைக்கடையில் அவளைப் பொத்தானக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் சட்டைகளைத் தேய்ப்பதற்கு முன் அறுந்த பொத்தான்களைத் தைத்துவைப்பது அவள் வேலை. சரியான வாயாடி, முதலாளியையே கிண்டல் பண்ணுவாள். அவள் கட்டிக்கொண்டவன் லாரி டிரைவர், ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிந்தவன். மூத்த தாரத்து மகளுக்கு மாதாமாதம் அவன் பணம் கட்ட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு இருந்தது.

அந்த மகராசன் லோடு ஏற்றப் போகிறேன் என்று போனவன்தான், திரும்பவேயில்லை. போனையும் அணைத்துவிட்டான். இவளோ தன் கூலியிலிருந்து எடுத்து, அவன் பெயரிலேயே, எங்கள் கடை விலாசம் போட்டு அந்தப் பணத்தை அனுப்ப ஆரம்பித்தாள்.

"உனக்கென்ன தலையெழுத்தா? நீ ஒரு பைசா தர வேண்டியதில்லைன்னு வக்கீலே சொல்லிட்டாருல்ல?" என்று கத்தினேன்.

"அந்த ஆளுக்காகவா குடுக்கறேன்? அப்பன் கைவிட்டுட்டான்னு அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம்டி."

அதற்காக மதியச் சாப்பாட்டை ஒரு டீயோடு முடித்துக்கொள்வாள். ஒருமுறை செருப்பு வாங்க என்று எழுதிக் கூடுதலாகவும் அனுப்பினாள். பைத்தியக்காரி!

போன வாரம் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் கடைக்குள் வந்து நின்றாள். பன்னிரண்டு வயதிருக்கும்.

"எங்கப்பா இங்கதான இருக்காரு? பணம் வாங்கற இடத்துல கேட்டேன், இந்தக் கடை விலாசம்தான் சொன்னாங்க."

பொத்தானக்கா ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்கதான சித்தி? அவரைக் கூப்பிடுங்க. நான் சண்டை போட வரல. மாசாமாசம் மறக்காம அனுப்பறாரு, செருப்புக்குக்கூட அனுப்பினாரு. அப்போ என்மேல பாசம் இருக்குல்ல? அப்புறம் ஏன் பார்க்க வரல? நீங்கதான் விடமாட்டேங்கறீங்களா?"

ஐயோ, உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று ஒரு பக்கம், இந்தப் பழியையும் சுமந்துவிடுவாளோ என்று இன்னொரு பக்கம் எனக்குப் பயம். அவள் அந்தப் பெண்ணை முக்காலியில் உட்காரவைத்தாள்.

"அவரு இங்க இல்லம்மா. ஒன்றரை வருஷமாச்சு. எங்க இருக்காருன்னு எனக்கும் தெரியாது."

"அப்போ பணம்?"

"நான்தான் அனுப்பினேன்."

"செருப்புக்கு?"

"அதுவும் நான்தான் கண்ணு."

அந்தப் பெண் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"நீங்கதான் அவரை விடலன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்ல சித்தி" என்று கேட்டுவிட்டு அழுதாள்.