வேணு மேஸ்திரி இடிக்காமல் கட்டிய மாதா கோயில்

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி மைன்ஸுக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர் மாதா கோயில். புதிதாக உள்ளே வருகிறவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போவார்கள். மண்டபத்தின் நடுவே, தலைக்கு மேல் ஒரு சன்ஷேட் நீட்டிக்கொண்டிருக்கும். மழையே விழாத இடத்தில் அது எதற்கு? பீடத்துக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று வராது; பூசை உடுப்பு வைக்கும் அறை தெரியும். பாடகர் குழுவுக்குப் பின்னால் மழைநீர்க் குழாய் ஒன்று கூரையிலிருந்து இறங்கித் தரையில் முட்டி நிற்கும்.

எல்லாம் வேணு மேஸ்திரியின் கைவேலை. கம்மாபுரம் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்து, இந்தக் கோயிலில்தான் கரணை பிடித்துக் கொத்தனாரானார். நெற்றியில் திருநீறு, வாயில் "மாதாவே". அப்போது கோயில் ஒற்றை மண்டபம்தான். காண்ட்ராக்ட் வேலைக்குக் குடும்பங்கள் வர வர இடம் போதவில்லை. மாறி வருகிற ஒவ்வொரு ஃபாதரும் பழசை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாமா என்பார். வேணுவுக்குப் பதறும்.

"இடிக்கறதா? எதுக்குங்க சாமி? அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல ஒண்ணு சேத்துக் கட்டிக்கலாங்க."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பி.ஏ. வரலாற்றில் இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு நூற்றாண்டில் மண்டபம், அடுத்ததில் பக்கக் கட்டடம், அதற்கடுத்ததில் கோபுரம் என்று சேர்த்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அன்றைய வெளிச்சுவர் இன்று உள்ளே நிற்கும். அத்தனை பேர் அத்தனை நூற்றாண்டு செய்ததை எங்கள் மேஸ்திரி ஒரே ஆளாக முடித்துவிட்டார்.

அவருக்கு உயிரானது முன்சுவர். தனியாகக் கட்டிய முதல் சுவர். "யானை வந்து முட்டனாலும் அசையாதுங்க" என்பார், யாரும் கேட்காமலேயே.

இந்த வருஷத் திருவிழாவன்று காலையிலிருந்தே மேகம் கட்டியிருந்தது. வெளியே ஜோடித்தால் தேர் நனையுமே என்று ஃபாதர் கவலைப்பட்டார். "என் மண்டபம் எதுக்குங்க இருக்கு?" என்று வேணுதான் உள்ளே கொண்டுவரச் சொன்னார். சட்டம் சட்டமாகத் தேர் உள்ளே போயிற்று. அங்கேயே வெல்டிங் வைத்து, இருபுறமும் சிறகு கட்டி, சீரியல் செட் சுற்றி, மாதா சுரூபத்தை ஏற்றியபோது பொழுது சாய்ந்திருந்தது. மேகமும் கலைந்துவிட்டது. வெளியே பேண்டு செட் முழங்க, தேர் நகர்ந்து வாசலில் வந்து நின்றது. வாசலைவிடத் தேர் ஒரு முழம் அகலம்.

"பிரிச்சிடலாமா?" என்றார் ஃபாதர். பகலெல்லாம் பூக் கட்டிய பெண்கள் திரும்பிப் பார்த்த பார்வையில், "சும்மா கேட்டேன்" என்றார்.

கூட்டத்திலிருந்து வேணுவின் மனைவி காந்திமதியின் குரல் வந்தது. "உள்ள கொண்டாரச் சொன்ன மவராசன் எங்க? ஊருக்கே தாய, உள்ள வெச்சிப் பூட்டிட்டியேய்யா!"

வேணு வாசலைப் பார்த்தார். பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் சுவர்த்துண்டை எடுத்தால் தேர் போய்விடும். மேலே கான்கிரீட் லிண்டல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாக இருந்ததால் கூரைக்கு ஆபத்தில்லை. ஆனால் அது முன்சுவர். அதைத் தடவிக்கொண்டே நின்றார். வெளியே ஊரே காத்துக்கொண்டு நின்றது.

"சம்மட்டியக் கொண்டாங்க. எல்லாம் தள்ளி நில்லுங்க, லேசுல வுழாது."

இரண்டாவது அடியிலேயே சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. செங்கலோடு செங்கல் ஒட்டவே இல்லை. நடுவில் வெறும் மணல்.

பேண்டு செட்கூட நின்றுவிட்டது.

"யானை எதுக்கு? எலி முதுகு சொறிஞ்சிருந்தாலே போதும் போலருக்கே" என்றார் காந்திமதி.

வேணு அசரவில்லை. "ஒருநா தேர் போவணும்னு தெரிஞ்சிதாங்க சாமி, அன்னிக்கே கலவைய லேசா போட்டேன்."

ஃபாதர் சிரிப்பை மறைக்கச் சிலுவை போட்டுக்கொண்டார். தேர் போயிற்று.

மறுநாள் காலை எங்கள் தெரு முழுக்க டொக் டொக்கென்று சத்தம். பாதி வீடுகள் வேணு கட்டியவை. ஆளாளுக்குத் தங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேணு வீடு வீடாக ஓடினார். "அது தொழில் கத்துக்கினு இருந்தப்ப கட்டனதுங்க! உங்க வூடு அப்படி இல்லீங்க!" அப்போதுதான் உண்மை வெளியே வந்தது.

இப்போது அந்த இடத்தில் கூரான வளைவு வைத்துப் பெரிய வாசல் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சிமென்ட் மூட்டை பிரிக்கும்போதும் ஃபாதர் வந்து பார்க்க வேண்டும். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவிலேயே வாசலில் வேணுவின் தலை தெரிந்தது.

"சாமி, ஒரு நிமிசம் வந்து கலவையப் பாத்துட்டுப் போயிடுங்க. அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார். சபை மொத்தமும் பின்னாலேயே எழுந்து போய்ப் பார்த்தது.