கொல்லைச் சாய்ப்பில் மூன்று நாள்

யுத்த காலத்தில் குளத்தூர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். வீட்டில் மூன்று பிள்ளைகள், மாமியார், கறவை மாடுகள். கணவருக்குப் புதுக்கோட்டையில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை கரியில் ஓடுகிற பஸ்ஸில் முகமெல்லாம் புகையோடு வந்து இறங்குவார், திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவார். எனக்குக் கருக்கலிலிருந்து சாணி, சமையல், பிள்ளைகளுக்குத் தலைவாரல், பள்ளிக்கூடம், திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு. எனக்கென்று கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் மாதத்தில் மூன்று நாள் எனக்கென்று இருந்தது. வீட்டுக்குத் தூரமானால் கொல்லைச் சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். அடுப்பைத் தொடக் கூடாது, மாட்டைத் தொடக் கூடாது, பெற்ற பிள்ளையைக்கூடத் தொடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய் வருவேன்; சம்பளத்துக்குத் தீட்டுக் கிடையாதல்லவா! அந்தச் சாய்ப்பை மற்ற பெண்கள் சிறை என்பார்கள். எனக்கு அது சொர்க்கம். கோரைப்பாயில் காலை நீட்டிக்கொண்டு, தலைமையாசிரியை படித்துவிட்டுக் கொடுக்கும் பழைய பத்திரிகைகளை விளம்பரம் விடாமல் படிப்பேன். கடைக்குட்டி ஓடி வந்தால் மாமியார் பிடித்து இழுத்துக்கொள்வார். "அங்கிட்டுப் போகாதடா, ஒங்காத்தாளக் காக்கா தொட்டுருச்சு." அந்தக் காக்கா நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு பங்குனியில் நாள் தள்ளிப்போனது. வெயில் சூடுதான் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு தூரம் வந்துவிடட்டும் என்று யாருக்கும் தெரியாமல் எள்ளும் வெல்லமும் இடித்துத் தின்றேன். நான்காவது பிள்ளையை எப்படி வளர்ப்பது என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை யாரிடம் சொல்ல முடியும்? வயிற்றில் பிள்ளை என்றால் அந்த மூன்று நாளும் போச்சு. சுமக்கிற மாதங்கள், அப்புறம் பால் கொடுக்கிற காலம். அதுவரை மூச்சுவிட எனக்கு இடமே இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வாசலிலேயே இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டு சண்டை. உள்ளே குத்தாத நெல் கிடந்தது. நான் படியேறவில்லை. சுற்றிக்கொண்டு நேரே சாய்ப்புக்குப் போய், "அத்தை, தூரம்" என்று குரல் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரி, இரு" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து.

கிடைத்ததே தவிர, அனுபவிக்க முடியவில்லை. பத்திரிகையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொண்டேன். தெரிந்தால் என்ன சொல்வார், சனிக்கிழமை மகனிடம் என்னவென்று சொல்லிவைப்பார் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. துணியைப் பற்றி மட்டும் எனக்கு நினைவே வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமியார் சோறு கொண்டுவந்தார். எப்போதும் தட்டை எட்டத்தில் வைத்துத் தள்ளிவிட்டுப் போகிறவர், அன்று என் கையில் கொடுத்தார். விரலோடு விரல் பட்டது. நான் பதறிப்போனேன்.

"அத்தை, தீட்டு!"

"என்ன தீட்டு? நேத்துலேருந்து கொல்லை வேலியில ஒரு துணி காயலையே ஆத்தா."

தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அழுகாத. நாளைக்கும் இருந்துட்டு வா, நான் பாத்துக்கிறேன். ஒம்பது பெத்தவ ஆத்தா நான். இந்தச் சாய்ப்புல படுத்த நாள விரல்விட்டு எண்ணிரலாம்."