முகர்ந்து பார்க்கும் என் மருமகள்

என் மருமகள் எதையும் முகர்ந்து பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. உலர்த்தும் மிஷினிலிருந்து சூடாக வருகிற துணிகளை மடித்து அடுக்குவது அவள் பொறுப்பு. மடிக்கும் முன் மூக்கருகே கொண்டுபோவாள். அடுக்கிய பிறகு அடுக்கின் நடுவே கையை விட்டுப் பார்ப்பாள், அங்கேயும் ஒருமுறை முகர்வாள். வீட்டுக்கு வந்தால் சோப்புக்கட்டி. போதாக்குறைக்கு என் மகன் கழற்றிப் போடுகிற சட்டை.

பெண்டாட்டி புருஷன் சட்டையை முகர்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மகனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், உண்மையைச் சொல்லு. சாயங்காலமானா எங்கடா போற?"

"வேலை தேடிப் போறேம்மா. அச்சகத்தை மூடிட்டாங்க, உனக்குத் தெரியாதா?"

"வேலை தேடுறவன் எதுக்குடா தலையை இப்படிப் படிய வாரிக்கிட்டுப் போற?"

"பரட்டைத் தலையோட போனா யாரும்மா வேலை குடுப்பா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்டவுடன் சரியான பதில் சொல்கிறவர்களை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

அந்த நாளில் அவள் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிட்டாள்.

"விருந்தாளி முகம் துடைக்கிற துண்டுல மூக்கை வைக்கிறியா? உனக்கு மண்டையில ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட காட்டிச் சரியாகிட்டு வா. இனிமே மோந்து பார்க்கிறதைப் பார்த்தேன், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றாராம்.

டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன். தனியாக அனுப்பினால் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தம்மா மருமகளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்துச் சோதித்தாள்.

"இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அது குறைஞ்சா சிலருக்கு இப்படி வாசனைமேல ஆசை வரும். மாத்திரை சாப்பிட்டா சரியாகிடும்."

"ரத்தத்துல இரும்பு இல்லேன்னா புருஷன் சட்டையை எதுக்கும்மா மோந்து பார்க்கணும்? சட்டையில இரும்பா இருக்கு?"

"பட்டன்ல இருக்கும் பாட்டி" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஓட்டல்காரர்கள் மனசைக் கவனிக்கிறவர் ஒருவரிடமும் அனுப்பினார்கள். அவர் இவளுடைய சின்ன வயசைக் கிளறிவிட்டு, உள்ளே ஏதோ பயம் இருக்கிறது, அதனால்தான் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்றார். ஆளுக்கொரு துண்டாக அவளை எடுத்துக்கொண்டோம். டாக்டரம்மாவுக்கு ரத்தம், இவருக்குப் பயம், சூப்பர்வைசருக்கு மண்டை, எனக்குச் சட்டை. முழுசாக ஒருத்தி நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது, அதை மறைக்கமாட்டேன். "இப்ப சோப்பு வெறும் சோப்பா தெரியுது அத்தை" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். முகர்வதெல்லாமே நோய்தான் என்று முடிவுகட்டி, சலவைக்கூடத்திலும் மூக்கைத் திருப்பிக்கொண்டே மடித்தாள். அடுக்குக்குள் கை விடுவதையும் நிறுத்தினாள். சட்டையை மட்டும் விடவில்லை. என் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

அடுத்து நடந்தது பாதி அவள் சொன்னது, பாதி அவளோடு வேலை பார்க்கும் இஸ்திரிக்காரி சொன்னது. இரண்டிலும் ஒத்துவந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓட்டல் சமையலறைத் துணியில் எண்ணெய் எவ்வளவு துவைத்தாலும் முழுசாகப் போகாது. அதைச் சூடு ஆறாமல் மடித்து நெருக்கி அடுக்கினால் நடுவில் சூடு ஏறிக்கொண்டே போய்த் தானாகக் கருகும். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வண்டித் துணி அப்படி எரிந்ததை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து துணி அடுக்கினால் கையும் மூக்கும் தானாகப் போகும். அது வேலை. சோப்பு நோய். இரண்டும் ஒரே மூக்கில் குடியிருந்ததால் அவளுக்கே வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, இவள் அடுக்கி வைத்த சமையலறைத் துணி வண்டியிலிருந்து புகை. இஸ்திரிக்காரி கத்த, இவள் வண்டியைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு ஓடித் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"நீதான் எந்நேரமும் மோந்துக்கிட்டே இருப்பியே! இன்னிக்கு என்ன, மூக்குக்கு லீவா?"

"நீங்கதானே சார் கூடாதுன்னீங்க?"

"நான் விருந்தாளி துண்டைச் சொன்னேன்."

"அப்படிப் பிரிச்சுச் சொல்லலையே சார்."

இஸ்திரிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அவர் கருகிய துணியையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தார். சமையலறைத் துணி எதுவும் இவள் கையை விட்டுப் பார்க்காமல் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை தப்பியது.

இப்போது அவர் எல்லோரிடமும் "அந்தப் பொண்ணுக்கு நோயுமில்ல ஒண்ணுமில்ல, எல்லாம் தீப்பயம்" என்கிறாராம். அப்படியென்றால் சோப்பு எங்கே போயிற்று? அவர் கையிலும் ஒரு துண்டுதான்.

எனக்குச் சட்டை பாக்கி இருந்தது. நேராகவே கேட்டேன்.

"ரத்தத்துல இரும்பு ஏறிடுச்சு. தீயும் அணைஞ்சிடுச்சு. இன்னும் எதுக்குடி அவன் சட்டை?"

"சும்மாதான் அத்தை."

"சும்மா யாராவது வேர்வையை மோந்து பார்ப்பாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "பகலெல்லாம் மிஷின் சத்தம். வீட்டுக்கு வந்தா இவரு வேலை தேடிப் போயிருக்காரு. சட்டைதானே அத்தை வீட்டுல இருக்கு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அடுப்படிக்குப் போனதும் சட்டையை எடுத்து நான் ஒருமுறை முகர்ந்தேன். வேர்வை, தலையெண்ணெய், பஸ் புகை. வேறொன்றும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலரையும் பார்த்தேன்.

நிமிர்ந்தால் வாசலில் நிற்கிறாள்.

"அத்தை, அந்த மாத்திரை இன்னும் மிச்சமிருக்கு. தரட்டுமா?"