கார்கோவில் வரும் கார்

ஐம்பது வயது தாண்டிய ஓர் ஆள், மீமிசல் கடற்கரையில் கருவாடு காயப்போடும் சிமெண்டுத் தளத்தில், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பொம்மைக் கார் ஓட்டினான் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரியுங்கள், பரவாயில்லை. வேறு யாரையாவது பற்றி நான் இதைக் கேள்விப்பட்டிருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அந்த ஆள் நான். அந்தக் கார் என்னுடையது இல்லை. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் நான் கேன்சலில் ஊர் வந்து சேர்ந்தேன். விசாவை முடித்துக்கொண்டு, இனி வளைகுடாப் பக்கம் திரும்புவதில்லை என்று வருவதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர். அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. கல்யாணமான புதிதில் போனவன், தாடி நரைத்துத் திரும்பினேன். இடையில் லீவில் வந்துபோன நாட்களைக் கூட்டினால் அதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று எனக்கே கோபம் வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வண்டி ஓட்டுகிறவனின் வியாதி அது.

சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பிழைப்பிலிருந்து, ஊர் திரும்புகிற ஆள் தன் பெட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. அறையில் கூட இருப்பவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். தைலம், பால்பவுடர், பிள்ளைகளுக்கு மிட்டாய், வீட்டுக்காரிக்குச் செண்ட். ஊர் வந்து குளித்துச் சாப்பிட்டதும் முதல் வேலை, அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அமானிதம் என்போம். நம்பி ஒப்படைத்த பொருள். அதைச் சேர்க்கத் தாமதித்தாலே தப்பு. எடுத்துப் புழங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தத் தடவை எனக்கு வந்த அமானிதத்தில் ஒன்று ஒரு ரிமோட் கார். கொடுத்தவன் என் அறைக்காரன். பக்கத்துத் தெருப் பையன், என்னைவிட ரொம்ப இளையவன், அவனும் டிரைவர்தான். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது விமானம் ஏறியவன். விசாச் சிக்கல், தங்கச்சி கல்யாணம், வீட்டு வேலை என்று ஒவ்வொன்றாக வந்து அவன் ஊருக்கே போகவில்லை. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு.

"பொம்ம கேக்கலண்ணே, காரு கேக்குறா. அத்தா ஓட்டுற காரு மாதிரியே வேணுமாம்" என்று சிரித்தான். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவது. அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்குகிற அளவு. வெள்ளை நிறம், உயரமான ஜீப் வகை. அவன் முதலாளி வீட்டில் நிற்பதும் அதுதான், என் அரபி வீட்டில் நின்றதும் அதுதான். சைடு கண்ணாடி, ஸ்டெப்னி எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

"ஊருக்குப் போயி பேட்டரி போட்டு, ஓடுதான்னு மட்டும் ஒரு தடவ பாத்துருங்கண்ணே. ஓடலன்னா புள்ள ஏமாந்துரும். பாத்துட்டு அப்புடியே பெட்டில வச்சு, வீட்டுக்குப் போயி எனக்கு வீடியோ கால் போடுங்க. அவ பெட்டியப் பிரிக்கும்போது நான் அவ மூஞ்சியப் பாக்கணும். அது போதும் எனக்கு."

இவ்வளவுதான் அவன் கேட்டது.

ஊர் வந்த மறுநாள் மற்றப் பொட்டலங்களைச் சேர்த்துவிட்டு, மத்தியானம் வீட்டு ஹாலில் காரை எடுத்து வைத்தேன். பென்சில் பேட்டரி வாங்கி ரிமோட்டிலும் காரிலும் போட்டேன். விசையைத் தள்ளியதும் சர்ரென்று போய்ச் சோபாவுக்கு அடியில் நுழைந்தது. ஓடுகிறது. பார்த்தாயிற்று. அப்போதே பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ரிவர்ஸ் வருகிறதா என்றும் பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. வந்தது. மேடு ஏறுமா? வாசற்படியில் பலகை வைத்துப் பார்த்தேன். ஏறியது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரை நான் அதைச் சோதித்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் என்று இப்போது சொல்ல முடியும். இத்தனை வருஷமும் அதே வெள்ளை வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கு வேண்டிய பக்கம் திருப்பியதில்லை. பின் சீட்டிலிருந்து வலது என்பார்கள், இடது என்பார்கள், நில் என்பார்கள். இந்தக் காரில் பின் சீட்டில் யாருமே இல்லை. அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மொட்டை மாடியில். அதற்கடுத்து, மத்தியான வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத கருவாட்டுத் தளத்தில். மீன் ஏலம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தச் சிமெண்டுத் தளம் நல்ல ரோடு மாதிரி கிடக்கும். ஓரத்தில் பழைய வலைக் குவியலும் துருப்பிடித்த நங்கூரம் ஒன்றும். நான் வளைத்து வளைத்து ஓட்டினேன்.

அதற்குள் அறைக்காரனின் வீட்டுக்காரி போன் செய்தது. "அண்ணே, அவுக ஏதோ குடுத்துவிட்டதாச் சொன்னாக..."

நான் இருந்தது தளத்தில். கார் காலடியில். வாய் தானாகச் சொன்னது. "அத கார்கோவுல போட்டுட்டேம்மா. வெயிட்டு கூடிப்போச்சு. கப்பல்ல வருது."

அவனிடமும் அதையே சொன்னேன். அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "பரவால்லண்ணே, மெதுவா வரட்டும். கப்பல்ல வருதுன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன். தெனம் கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறாளாம்." பின்னால் அறையில் யாரோ சிரிப்பதும் கேட்டது. நான் அந்த மெசேஜை இரண்டாம் முறை கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவிக்குத் தெரியாமலா இருக்கும்? "என்னங்க இது, அடுத்தவுக சாமான வச்சுக்கிட்டு? அமானிதம்ங்க. குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? நீ ஒன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். தப்பு செய்கிறவனுக்குத்தான் குரல் உயரும்போல.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊர் வந்த புதிதில் என் வீட்டு பீரோவைத் துழாவியபோது ஒரு ஜோடி ஷூ கிடைத்தது. என் மூத்த மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அனுப்பியது. அடியில் மண்ணே படவில்லை. "சரியா இருக்கு அத்தா, ஸ்கூலுக்கு அதத்தான் போட்டுட்டுப் போறேன்" என்று போனில் சொன்ன பிள்ளை. இப்போது கல்யாணமாகிவிட்டது அவளுக்கு. கேட்டேன். "காலுக்குள்ளயே போகல" என்று சிரித்தாள். "அப்புறம் ஏன் அப்புடிச் சொன்னே?" "அத்தாட்ட அப்புடித்தானே சொல்லணும்" என்றாள். சபர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. என்ன வந்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அன்றைக்கு நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

சரி, தளத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் அங்கே கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினால் அறைக்காரனின் மகள், அவன் வீடியோ காலில் நான் பலமுறை பார்த்த அந்தப் பிள்ளை. மதரசாவில் ஓதிவிட்டு வருகிற வழி, தலையில் முக்காடு, கையில் பை. வீட்டுக்குப் போகாமல் கடல் பக்கம் வந்திருக்கிறாள்.

"பெரியத்தா, இது ஒங்க காரா?"

"ம்" என்றேன்.

"எனக்கும் வருது பெரியத்தா. எங்க அத்தா அனுப்பியிருக்காங்க. கப்பல்ல வருது. அதான் பாக்க வந்தேன்."

கப்பல் எல்லாம் இங்கே வராது, இந்தக் கரையில் வெறும் படகுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. எதைச் சொல்வது? பிள்ளை காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, தொடவில்லை. அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள்.

"எங்க காரு வந்ததும், ஒங்க காரும் எங்க காரும் ரேஸ் விடலாமா பெரியத்தா?"

யா அல்லாஹ், அந்த நிமிஷம் தளம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். விரல் எதை அழுத்தியதோ தெரியவில்லை. கார் பாய்ந்துபோய் நங்கூரத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இடது பக்க ஹெட்லைட் உடைந்திருந்தது. கதவு நெடுக ஒரு கீறல். கைதேர்ந்த டிரைவர்! இத்தனை வருஷத்தில் அரபியின் வண்டியில் ஒரு கோடு விழ விட்டதில்லை நான்.

பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். அழுதுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"கவலப்படாதீங்க பெரியத்தா. எங்க அத்தாட்ட சொல்லி ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பச் சொல்றேன்" என்றாள்.

அவள் போன பிறகு, உடைந்த ஹெட்லைட் துண்டைத் தேடிப் பொறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறி அறந்தாங்கி போனேன். அங்கே கிடைக்கவில்லை. புதுக்கோட்டை போய்க் கீழராஜ வீதிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். "வெள்ள ஜீப்பு இல்ல சார். போலீஸ் காரு இருக்கு, சைரன்லாம் அடிக்கும். பேரனுக்கா?" என்றான் ஒரு கடைக்காரன். அவன்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போது பஸ்ஸில் அறைக்காரனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். மணி அடிப்பதற்கு முன் கட் செய்துவிட்டேன். அங்கே அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், இப்போது வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக் காரைக் கழுவினேன். சக்கரத்தில் சுற்றியிருந்த வலை நூலை ஊசியால் எடுத்தேன். ஹெட்லைட்டைப் பசை வைத்து ஒட்டினேன், கோணலாக நின்றது. கீறலில் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், போகவில்லை. பெட்டியில் வைத்து டேப் ஒட்டினேன். என் மனைவி அருகே வந்து மோந்து பார்த்துவிட்டு, "கருவாட்டு வாடை அடிக்குது" என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் செண்டு தெளித்தேன். இரண்டும் கலந்து இன்னும் மோசமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஜும்ஆ தொழுதுவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்கண்ணே, கார்கோ வந்துருச்சா?" என்று அவன் வீட்டுக்காரி பாயை விரித்து டீ கொண்டுவந்து வைத்தது. பெட்டியின் டேப்பைப் பார்த்துவிட்டு, "தூக்கிக் கீக்கிப் போட்டுருப்பாங்கபோல" என்றது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொல்லிப் பழகிவிட்டால் தலைகூடத் தானே ஆடுகிறது.

அவன் வீட்டுக்காரியின் போனில் வீடியோ கால் போட்டு, நானே பிடித்துக்கொண்டேன். அவன் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் இருந்த அறைதான். என் கட்டிலில் இப்போது வேறு யாரோ. "அவ மூஞ்சி தெரியுற மாதிரி காட்டுங்கண்ணே. கிட்ட. இன்னும் கிட்ட" என்றான்.

பிள்ளை டேப்பைக் கிழித்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வெளியே வந்தது. குனிந்திருந்தவள் அப்படியே நின்றாள். காரை வெளியே எடுத்தாள். கோணல் ஹெட்லைட்டைப் பார்த்தாள், கதவுக் கீறலில் விரல் வைத்தாள். பிறகு தலை தூக்கி, போனுக்கு மேலே, என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். ஏழு வயதுப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எப்புடிம்மா இருக்கு? அத்தா ஓட்டுற காரு மாதிரியே இருக்கா?" என்று அவன் அங்கிருந்து கத்தினான்.

பிள்ளை காரைத் திருப்பினாள். உடைந்த பக்கத்தை வயிற்றோடு அணைத்து, நல்ல பக்கம் போனுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள். வாய் நிறையச் சிரித்தாள்.

"சூப்பரா இருக்கு அத்தா! புத்தம் புதுசு!"

 அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, போனக் கொஞ்சம் ஒங்க பக்கம் திருப்புங்க" என்றான். திருப்பினேன். "அமானிதத்த அப்புடியே கொண்டாந்து சேத்துட்டீங்கண்ணே. ஒங்கள மறக்கவே மாட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. "அதுக்கென்னப்பா" என்றேன்.

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளை காரோடு வந்து நின்றாள். அவள் அம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தது. 

"ஏம்மா அத்தாட்ட சொல்லல?" என்றேன்.

இவருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். கோபம் இல்லை முகத்தில். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அத்தாட்ட அப்புடித்தான் சொல்லணும் பெரியத்தா" என்றாள்.

தெருவில் இறங்கி நடந்தேன். இத்தனை வருஷமும் போனில் என் பிள்ளைகள் எனக்குச் சொன்ன ஒவ்வொரு "நல்லாருக்கு அத்தா"வும் வீடு வருகிற வரை காதில் கேட்டுக்கொண்டே வந்தது.